கொட்டை எழுத்தில் ஒரு கடிதம்

ஜனவரி 11

வாண்டுவின் அப்பாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன், நலமாக இருக்கிறேன். அங்கே நீங்கள் இருவரும் எப்படி? வாண்டுவுக்கு இருமல் விட்டதா?

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. நேற்று "சாப்டியா?" என்று ஆரம்பித்து, "உனக்கென்ன, நீ போயிட்டே" என்று முடித்தீர்கள். நடுவில் என்ன பேசினோம் என்று எனக்கு நினைவே இல்லை. அதனால் வாண்டுவிடம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுகிறேன், உங்களுக்குக் கடிதம். எழுதும்போது கோபம் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடலாம். வாயை எங்கே வைப்பது?

தங்கும் அறை துறைமுகத்துக்குப் பின்னால், மூன்றாவது மாடி. ஒரே ஜன்னல்; அதைத் திறந்தால் லாரிப் புகை, மூடினால் புழுக்கம். என்னோடு இரண்டு பேர். ஒருத்தி மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். அவளுக்கு 'மருந்துக்கடை' என்றே பெயர் விழுந்துவிட்டது. இன்னொருத்தி பள்ளிக்கூட டீச்சர். அவள் பள்ளியையும் நம் தையல் கம்பெனி மாதிரி ஒரே நாளில் பூட்டிவிட்டார்களாம். மூன்று பேரும் கிரேன் ஓட்டப் பழக வந்திருக்கிறோம். நினைத்தால் எங்களுக்கே சிரிப்பு வருகிறது.

கரையில் ஏழு கிரேன்கள் வரிசையாக நிற்கின்றன. உச்சியில் தீப்பெட்டி மாதிரி ஒரு கண்ணாடி அறை. அங்கேதான் உட்கார வேண்டுமாம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு மனுப் போட்டது நீங்கள். துணைக்கு வந்த என்னை, "சும்மாதானே உக்காந்திருக்கே, நீயும் ஒண்ணு எழுதிப் போடு" என்றதும் நீங்கள்தான். கண் டெஸ்டில் உங்களைத் திருப்பி அனுப்பிவிட்டு என்னை எடுத்துக்கொண்டார்கள். இதில் என் தப்பு என்ன என்று யோசித்து எழுதுங்கள்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாண்டுவின் அம்மா


ஜனவரி 23

வாண்டுவின் அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே இருவரும் சௌக்கியம். இருமல் போய்விட்டது, வால்தனம் போகவில்லை.

உன் தப்பு ஒன்றுமில்லை. நான் அப்படிச் சொல்லவும் இல்லை. பரணிலிருந்து ஒரு பெட்டியை எடுக்கச் சொன்னால் "தலை சுத்துது" என்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்பவள், நாற்பது மீட்டர் உயரத்தில் எப்படி உட்காரப் போகிறாள் என்றுதான் யோசிக்கிறேன்.

எனக்கு மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் பம்புசெட் ரிப்பேர் கடையில் வேலை. பதினைந்து வருடம் தையல் மெஷினோடு பழகிய கைக்குப் பம்பு கொஞ்சம் முரடுதான். பழகிவிடும்.

அக்கா வந்திருந்தாள். நான் அடுப்படியில் நிற்பதைப் பார்த்து ஒரு மூச்சு விட்டாள் பாரு, அடுப்பே அணைந்துவிடும் போலிருந்தது. நீ துறைமுக ஆபீசில் இருக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கேட்டால் நீயும் அப்படியே சொல்.

சமையல் நடக்கிறது. இந்த வாரம் நாலு கண்ணாடி டம்ளர் உடைந்துவிட்டது. மேசையில் டம்ளரைக் கண்ட இடத்தில் வைக்காதே என்று வாண்டுவிடம் சொல்லியிருக்கிறேன்.

எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டு. என்னைத் திட்டாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

வாண்டுவின் அப்பா


பிப்ரவரி 6

வாண்டுவின் அப்பாவுக்கு,

எல்லோரும் சுகம்தானே? நான் சுகம். முழங்காலில் மட்டும் வலி. ஏணிப்படி அப்படி.

இன்று மேலே ஏறினேன்! பாதி வரைக்கும் லிஃப்ட். அதன் பிறகு படிதான். மேலே போனதும் ஒரு விஷயம் புரிந்தது. அந்தக் கண்ணாடி அறைக்குத் தரையும் கண்ணாடி. நாற்காலியில் உட்கார்ந்தால் இரண்டு காலுக்கும் நடுவில் கப்பல் தெரிகிறது. பயிற்சி கொடுப்பவர் பக்கத்தில் நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணத் தொறங்கம்மா."

"கொஞ்ச நேரம் சார்."

"கீழ பாக்காதீங்கன்னு ஆறுதல் சொல்ல மாட்டேன். கீழ பாக்கறதுதான் இங்க வேலையே."

பத்து நிமிடம் ஆயிற்று, கண்ணைத் திறக்க. அவர் காத்திருந்தார். பிறகு கீழே பார்த்தேன். லாரிகள் சோப்புக்கட்டி மாதிரி. மனிதர்கள் ஊசிமுனை. தையல் மெஷினில் குனிந்து ஊசியையே பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அல்லவா? குனிந்து சின்னதைப் பார்ப்பது எனக்குப் புதிதா என்ன என்று தோன்றியதும் இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தேன்.

டீச்சர்தான் பாவம். ஏறி இறங்கியதும் வாந்தி. ஓரமாக உட்கார்ந்து அழுதாள்.

இன்னொரு விஷயம். கண் டெஸ்டில் உங்களுக்கு நிறக்குருடு என்று சொன்னதாகச் சொன்னீர்கள். பிறவியிலேயே இருக்குமாம் என்றீர்கள். இங்கே எங்களுக்கு மறுபடி கண் டெஸ்ட் நடந்தது. அப்போது யோசித்தேன். கம்பெனியில் நான் கேட்ட நூலை ஒரு நாளும் மாற்றிக் கொடுக்காதவர் நீங்கள். இளநீலத்துக்கும் சாம்பலுக்கும் வித்தியாசம் தெரியாமல் நான் திணறும்போது நீங்கள்தான் தூரத்திலிருந்தே சொல்வீர்கள். உங்களுக்கு எப்படி நிறக்குருடு? அவர்கள் கொடுத்த சீட்டை வேறொரு கண் டாக்டரிடம் காட்டினீர்களா? தவறாமல் எழுதுங்கள்.

வாண்டுவுக்கு முத்தம். ஏணி ஏறிய கையால் கொடுத்தது என்று சொல்லுங்கள்.

வாண்டுவின் அம்மா


பிப்ரவரி 27

வாண்டுவின் அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

பம்புசெட் கடையை விட்டுவிட்டேன். அந்த முதலாளிக்கும் எனக்கும் ஒத்துப் போகவில்லை. எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் ஆள். வேறு பார்த்துக்கொள்ளலாம்.

கம்பெனி திரும்பத் திறக்கப் போவதாக ஒரு பேச்சு அடிபடுகிறது. திறந்தால் பழைய ஆட்களைத்தான் முதலில் கூப்பிடுவார்களாம். நீ அங்கே கஷ்டப்பட்டு ஏணி ஏற வேண்டாம். வந்துவிடேன். வாண்டு கேட்கிறாள்.

டம்ளர் எல்லாம் இப்போது எவர்சில்வர். விழுந்தால் சத்தம்தான், சேதம் இல்லை.

சரியாகத் தூங்கு.

வாண்டுவின் அப்பா


மார்ச் 8

வாண்டுவின் அப்பாவுக்கு,

இங்கே நலம். அங்கே நலமா என்று கேட்டால் நீங்கள் நலம் என்றுதான் எழுதுவீர்கள். இருந்தாலும் கேட்கிறேன்.

வாண்டு என்னைக் கேட்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவளிடமே கேட்டேன். "நான் எப்பம்மா சொன்னேன்? நீ கிரேன் ஓட்டுறதை க்ளாஸ்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன்" என்கிறாள். பிறகு யார் கேட்பது?

கம்பெனி திறக்காது. மெஷின்களை லாரியில் ஏற்றிப் போனதை நாம் இருவரும் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தோம். நீங்கள் ஒவ்வொரு மெஷினாக எண்ணிக்கொண்டே நின்றீர்கள். எதைத் திறப்பார்கள்?

டீச்சர் போய்விட்டாள். கட்டிலில் போர்வையை மடித்து வைத்துவிட்டு, "எனக்கு மேல போக முடியல, கீழ இருக்கவும் முடியல" என்றாள். அவள் போன பிறகு அறையில் நிலைகொள்ளவில்லை. நானும் மருந்துக்கடையும் கடல் பக்கமாக நடந்தோம், திரும்பினோம், மறுபடி நடந்தோம். நானும் போர்வையை மடித்துவிடுவேனோ என்று அவள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். மடிக்க மாட்டேன். ஜூன் மாதம் கடைசிப் பரீட்சை. அதுவரை லீவு கிடையாது. நடுவில் போனால் இடம் போய்விடும்.

உங்கள் கடைசிக் கடிதத்தில் ஒரு வரி இன்னொரு வரியின் முதுகில் ஏறி நிற்கிறது. பேனா அப்படிச் செய்யாது. கண் டாக்டரைப் பார்த்தீர்களா? இரண்டாம் தடவை கேட்கிறேன்.

வாண்டுவின் அம்மா


ஏப்ரல் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பா சொல்கிறார், நான் எழுதுகிறேன். எனக்குக் கையெழுத்துப் பயிற்சியாம். சொல்வதை அப்படியே எழுத வேண்டுமாம்.

வாண்டுவின் அம்மாவுக்கு, இங்கே அனைவரும் நலம். அனைவரும் என்றால் இரண்டு பேர்தான். இதை எழுதாதே என்கிறார். எழுதிவிட்டேன். வெயில் ஆரம்பித்துவிட்டது. நான் பார்சல் கட்டும் இடத்தில் வேலைக்குப் போகிறேன். கட்டுவது சுலபமான வேலை, உட்கார்ந்தே செய்யலாம். நீ பரீட்சை முடித்துவிட்டே வா. நான் தடுக்கவில்லை. வாண்டு பள்ளிக்கூடத்தில் விளையாடும்போது விழுந்து தாடையில் சின்னக் காயம். பயப்படும்படி ஒன்றுமில்லை. ம்... அப்புறம்... அப்புறம் என்ன. இதையும் எழுதிட்டியா? அழி. முடித்துவிடு. உடம்பைப் பார்த்துக்கொள். இப்படிக்கு வாண்டுவின் அப்பா.

அம்மா, இனிமேல் நான். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொன்னார், வாசித்தேன். இப்போது எழுதுவதை வாசிக்க மாட்டேன். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். "இன்னும் என்ன எழுதுறே?" என்றார். "அட்ரஸ்" என்றேன்.

நான் விளையாடும்போது விழவில்லை. அப்பா வண்டியில் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். இடது பக்கம் ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது. பெரிய வெள்ளை வேன். நான் "அப்பா, வேன்" என்றேன். "எங்க?" என்றார். அதற்குள் இடித்துவிட்டோம். தாடையில் மூன்று தையல் போட்டார்கள். நான் அழவில்லை, அப்பாதான் அழுதார். உன்னிடம் சொல்லக் கூடாது என்றார். போனில் அவர் பக்கத்திலேயே நிற்பதால் சொல்ல முடியவில்லை.

உன் கடிதங்களையும் நான்தான் வாசிக்கிறேன். வீட்டில் இடது பக்கம் எது இருந்தாலும் தட்டிவிடுகிறார். கதவிலும் இடித்துக்கொள்கிறார். நேற்றும் வண்டியில்தான் கொண்டுபோய் விட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பாவைத் திட்டாதே.

உன் வாண்டு


ஏப்ரல் 7

(முதல் பக்கம்)

இதை வாண்டு
வாசிக்கக் கூடாது.
நீங்களே வாசியுங்கள்.

(இரண்டாம் பக்கம்)

வண்டிச் சாவியை
உங்கள் அக்காவிடம்
கொடுங்கள். இன்றே.

(மூன்றாம் பக்கம்)

எப்படித் தெரியும் என்று
யாரையும் கேட்காதீர்கள்.
உங்கள் எழுத்து சொன்னது.

(நான்காம் பக்கம்)

மருந்துக்கடை சொல்கிறாள்:
இது கண் நரம்பு.
தள்ளிப் போட்டால்
மிச்சமும் போய்விடும்.

(ஐந்தாம் பக்கம்)

மூன்று நாளாகப் போன்
செய்கிறேன். எடுக்கவில்லை.
சரி. டாக்டரிடமாவது
பேசுங்கள்.


ஏப்ரல் 7

என் வாண்டுவுக்கு,

தையல் பிரித்துவிட்டார்களா? வலிக்கிறதா? அரிக்கும், சொறியாதே.

அப்பாவுக்குத் தனிக் கடிதம் போட்டிருக்கிறேன். கப்பலில் வரும் பெட்டிகள் மேல் நம்பர் எழுதுகிற தடிப் பேனாவால் எழுதியது. அதை நீ வாசிக்க வேண்டாம், அப்பாவே வாசிக்கட்டும். எத்தனை நேரம் எடுத்தாலும் விடு.

நீ கோள் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பாய், உன்னைப் பற்றி எனக்குத் தெரியும். இல்லை கண்ணே. நீ சொன்னதுதான் சரி. இனி வண்டியில் ஏறாதே. அப்பா கோபப்பட்டாலும் ஏறாதே. அத்தை வீட்டுக்குப் போய், "அம்மா சொன்னாங்க, கூட வாங்க" என்று மட்டும் சொல். அத்தை மூச்சு விடுவார், விடட்டும். வருவார்.

அம்மா


மே 3

வாண்டுவின் அம்மாவுக்கு,

நலம் என்று எழுத வந்த கையை நிறுத்திவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன். இந்தக் கடிதத்துக்கு ஆறு நாள் ஆயிற்று. வாண்டு உதவிக்கு வந்தாள், வேண்டாம் என்றுவிட்டேன்.

சாவியைக் கொடுத்துவிட்டேன். அக்காவே என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். வழி முழுக்க என் முழங்கையை விடவில்லை, நாற்பத்திரண்டு வயசு ஆளை! கண்ணுக்குள் அழுத்தமாம். இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது. வலது கண்ணிலும் ஓரம் போயிருக்கிறது. போனது திரும்பாது. மருந்து விட்டால் இருப்பதை நிறுத்தி வைக்கலாம் என்கிறார். தினம் மூன்று வேளை சொட்டு மருந்து. வாண்டுதான் விடுகிறாள். இரண்டு சொட்டு கன்னத்தில், ஒரு சொட்டு கண்ணில்.

நேரே பார்ப்பது தெரிகிறது. உன் முகம் தெரியும். ஆனால் வாசிக்கும்போது ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு வந்தால், அந்த வரியின் ஆரம்பம் இருக்காது. தேட வேண்டும். உன் தடிப் பேனா கடிதத்தில் தேட வேண்டியிருக்கவில்லை. ஐந்து பக்கத்தையும் ஒரே மூச்சில் வாசித்தேன். வாசித்திருக்க வேண்டாமோ என்றுகூடத் தோன்றியது.

நிறக்குருடு என்று சொன்னது பொய். கண் டெஸ்டில் ஒரு பெட்டிக்குள் பார்க்கச் சொன்னார்கள், ஓரத்தில் வெளிச்சம் வந்தால் பட்டனை அழுத்த வேண்டும். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். "ஏன் அழுத்தல?" என்றார் அந்த டாக்டர். "ஒண்ணும் வரலையே" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "வந்துச்சு சார். நிறைய வந்துச்சு" என்றார். ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நீ வேலை கிடைத்த காகிதத்தோடு வராண்டாவில் நின்றாய், சிரித்துக்கொண்டு. கம்பெனி மூடிய பிறகு அன்றைக்குத்தான் உன் பல்லைப் பார்த்தேன். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் கிழித்துப் போட்டேன்.

சொல்லியிருந்தால் நீ போயிருக்க மாட்டாய். இது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, ஒரே நாளில் நீ பாஸ், நான் குருடு என்று என் வாயால் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. நல்லவன் வேஷம் போட வரவில்லை.

பம்புசெட் கடையில் சண்டை எதுவும் இல்லை. ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் கையை வைத்துவிட்டேன். முதலாளி என் சட்டையைப் பிடித்து இழுத்தார், கை தப்பியது. "அண்ணே, நீங்க நல்ல மெக்கானிக். ஆனா எனக்கு நெஞ்சு படபடங்குது, வேணாம்ணே" என்றார். அவரைப் பற்றித்தான் குறை சொல்லும் ஆள் என்று உனக்கு எழுதினேன்.

வாண்டுவின் தாடையில் தழும்பு இருக்கும். அதற்கு நான் என்ன சொல்ல?

வாண்டுவின் அப்பா


மே 12

வாண்டுவின் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. படித்துவிட்டு மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். மருந்துக்கடை பிடுங்கி வைத்துக்கொண்டாள். நேரம் தவறாமல் சொட்டு விட வேண்டும், விட்டதும் ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்க வேண்டும் என்று எழுதச் சொல்கிறாள்.

எனக்கு ஆத்திரம் தீரவில்லை. மறைத்ததைக்கூட விடுங்கள். தெரிந்துகொண்டே பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்தீர்களே! "அப்பாவைத் திட்டாதே" என்று அவள் எழுதியிருக்காவிட்டால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

நான் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேனா? சொல்லவில்லை. அவள் கடிதம் கிடைத்த மறுநாள் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். கண் கீழே இருந்தது, மனம் அந்த வெள்ளை வேனில் இருந்தது. பெட்டியின் மூலை லாரியின் விளிம்பில் இடித்துவிட்டது. டிரைவர் கதவைத் திறந்து குதித்து ஓடினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஐந்து வாரம் என்னைக் கீழே இறக்கி, நம்பர் சரிபார்க்கும் வேலையில் போட்டார்கள். இன்னொரு தடவை நடந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பார்த்தீர்களா, நீங்கள் அங்கே சொன்ன பொய் இங்கே நாற்பது மீட்டர் உயரத்தில் என் கையில் தொங்கியது. அதை உங்களிடம் ஒளித்து நானும் ஒரு பொய் சேர்த்தேன்.

நேற்றிலிருந்து மறுபடி மேலே போகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இருவரும் இங்கே வந்துவிடுங்கள். இங்கே பெரிய கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. துறைமுகத்துக்கு வெளியே தார்ப்பாய் தைக்கும் கொட்டகை ஒன்றைப் பார்த்தேன். பன்னிரண்டு கனத்த தையல் மெஷின்கள், அதில் நாலு படுத்துக் கிடக்கின்றன. உள்ளே போய் அந்த முதலாளியம்மாவிடம் பேசினேன். ஒளிக்கவில்லை, கண் விஷயத்தையும் சொன்னேன்.

"முழுசாத் தெரியாதா?"

"நேரா தெரியும். பக்கத்துல தெரியாது."

"நூல் கோக்கறதுக்கு இங்க பத்துப் பேர் இருக்காங்க. சத்தத்தை வெச்சு எங்க கோளாறுன்னு சொல்வாரா?"

"வாசல்ல நின்னே சொல்வார்."

"வரச் சொல்லுங்க. ஒரு வாரம் பாக்கறேன். அப்புறம்தான் மத்ததெல்லாம். வாக்குக் கொடுக்க மாட்டேன்."

எனக்கும் அவர் வாக்குக் கொடுக்கவில்லை, நானும் உங்களுக்குக் கொடுக்கவில்லை. யோசித்து எழுதுங்கள். ஆனால் சீக்கிரம் யோசியுங்கள்.

வாண்டுவின் அம்மா


மே 29

வாண்டுவின் அம்மாவுக்கு,

இருவரும் இருக்கிறோம். சொட்டு மருந்து இப்போது கண்ணில்தான் விழுகிறது.

யோசித்தேன். வர மாட்டேன் என்று ஒரு கடிதம் எழுதி, போடாமல் வைத்திருந்தேன். புது ஊர், புதுத் தெரு, எந்த இடத்தில் பள்ளம் என்று தெரியாது. இந்த வீட்டில் பதினான்கு அடி நடந்தால் கதவு என்று காலுக்குத் தெரியும். அங்கே நான் யார்? உன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஆள். அக்காவிடம் இதைச் சொன்னேன்.

"இங்க மட்டும் நீ யாரு? என் கையைப் பிடிச்சிட்டு நடக்கற ஆளு. அதுக்கு பொண்டாட்டி கையே மேல். போடா."

மூச்சுகூட விடவில்லை, நேராகச் சொல்லிவிட்டாள். அப்போதுதான் நீ ஆபீசில் இல்லை, கிரேன் ஓட்டுகிறாய் என்று அவளிடம் சொன்னேன். "அது எனக்கு ஜனவரியிலேயே தெரியும், வாண்டு சொல்லிட்டா" என்றாள்.

வீட்டில் இருக்கும் பழைய மெஷினைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்றிப் பூட்டிப் பார்த்தேன். முதல் தடவை இரண்டு ஸ்க்ரூ மிச்சம். இரண்டாம் தடவை ஒன்று. மூன்றாம் தடவை மிச்சமே இல்லை, ஆனால் மெஷின் ஓடவில்லை. வாண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நாலாவது தடவை ஓடியது. விரலில் ஒரு வெட்டு, அவ்வளவுதான்.

எனக்குப் பயம் போகவில்லை. பயத்தோடு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் சர்டிபிகேட் வாங்கியாயிற்று. இந்த மாதம் பதினாறாம் தேதி... இல்லை, ஜூன் பதினாறு, காலை ரயில்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. பரீட்சையை ஒழுங்காக எழுது. எங்களை நினைத்துக்கொண்டு பெட்டியை இடிக்காதே.

வாண்டுவின் அப்பா


ஜூன் 9

வாண்டுவின் அப்பாவுக்கு,

நலம். நீங்களும் வாண்டுவும் மூட்டை கட்டிக்கொண்டிருப்பீர்கள், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். வாண்டு, இதை நீ சத்தமாக வாசித்துக் காட்டலாம்.

பரீட்சை நேற்று முடிந்தது. காற்று பலமாக அடித்தது. பெட்டி தொட்டில் மாதிரி ஆடியது. அது அடங்கும் வரை காத்திருந்து இறக்கினேன். கீழே நின்ற டிரைவர் கையை உயர்த்திக் காட்டினார். அன்று குதித்து ஓடினாரே, அதே ஆள். பாஸ் என்று இன்று காலையில் காகிதம் கொடுத்தார்கள். மருந்துக்கடையும் பாஸ்.

வீடு பார்த்திருக்கிறேன். இரண்டு அறை, தரைத்தளம், வாசலில் படி கிடையாது. சுவரில் ஈரம் இருக்கிறது, அடுப்படி சின்னது. உங்களுக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்கவில்லை. ஆறு மாதத்தில் வேறு பார்க்கலாம். கொட்டகைக்கார அம்மா, நீங்கள் இங்கே வந்த பிறகு வரும் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். என்ன ஆகும் என்று தெரியவில்லை. அந்த ஒரு வாரம் போகும் வரை எனக்குச் சோறு இறங்காது, இப்போதே சொல்லிவிட்டேன்.

உங்கள் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. தழும்பைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் வரும். வாய்விட்டுத் திட்டுவேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

நேற்று மாலை ரயில் நிலையத்துக்குப் போய், உங்கள் வண்டி வரும் மேடையில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். இங்கே இடது பக்கம்தான் இறங்க வேண்டும். வண்டிப் படிக்கும் மேடைக்கும் நடுவில் ஒன்றரைச் சாண் இடைவெளி. என் கையாலேயே அளந்து பார்த்தேன். நான் அளப்பதைப் பார்த்து ஒரு போர்ட்டர், "என்னம்மா தொலைச்சே?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

வண்டி நின்றதும் எழுந்திருக்காதீர்கள். வாண்டு, அப்பா கையை விடாதே, ரெண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருங்கள். மற்றவர்கள் எல்லோரும் இறங்கட்டும். எந்தப் பெட்டி என்று மட்டும் எழுதிப் போடுங்கள். நான் உள்ளே ஏறி வருகிறேன்.

வாண்டுவின் அம்மா